தாவுவதற்கு முன் கொடுங்கள்!

முயல் வேட்டைக்குப் பேர் போன கன்னி இன நாய் ஒன்று எங்கள் வீட்டில் வளர்கிறது. யார் வந்தாலும் மேலே தாவும். 70 வயது மாமியார் விழப் பார்த்ததும், 'ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுருங்க' என்று பேச்சு கிளம்பிவிட்டது.

அதட்டுவதும் நாய்க்கு ஒரு கவனிப்புதான். தாவிய பின் 'உட்கார்' என்று சொல்லி பிஸ்கட் போட்டாலோ, தாவு, உட்கார், பிஸ்கட் என்று வரிசையாகவே பழகிக்கொள்ளும். எந்தச் செயலை ஒட்டித் தீனி கிடைக்கிறதோ, அந்தச் செயல்தான் பெருகும். அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் 1930-களிலேயே எலிகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்.

ஆகவே, அவித்த முட்டையைச் சின்னத் துண்டுகளாக்கி டப்பாவில் வைத்துக்கொண்டேன். ஆள் வந்ததும், அது தாவும் முன்பே, நாலு காலும் தரையில் இருக்கும் அந்த நொடியில் 'சபாஷ்' சொல்லி ஒரு துண்டு. முந்திக்கொண்டு தாவிவிட்டால் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இறங்கி, ஐந்து எண்ணும் வரை நின்றால்தான் தீனி. முதல் சில நாள் தாவல் அதிகமானது. அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று வாரத்தில், மாமியார் கோலப்பொடியோடு வாசலுக்குப் போனால் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டது.

தாவும்போது வீட்டில் ஒருவர் கொஞ்சினாலும் எல்லாம் பாழ். குழந்தைகள் உட்பட எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால், இதற்காக அடியும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். நாய் வளர்க்கும் சகோதரிகள் செய்து பார்க்கலாமே!

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை.