நல்ல கோடை எது? நெற்செய்கையாளருக்கும் மரக்கறித் தோட்டக்காரருக்கும் ஒரு விளக்கம்

யூன் மாதத்திலே குளக்கட்டில் நான்கு கமக்காரர் கூடினால், அவ்வாண்டுக் கோடையைப்பற்றி நான்கு விதமான அபிப்பிராயங்கள் பிறக்கும். "இம்முறை நல்ல கோடை, வெயில் குறைவின்றிக் காய்கின்றது" என்பார் நெல் விதைத்தவர். "மிளகாய்ப் பூவெல்லாம் உதிர்ந்து கிடக்கின்றது, இதுவா நல்ல கோடை?" என்பார் மிளகாய் நட்டவர். வெங்காயம் பிடுங்கும் நிலையில் வைத்திருப்பவர் வானத்தில் ஒரு கருமுகிலைக் கண்டாலும் கலங்குவார். கத்தரியும் பயற்றையும் நட்டவரோ, அம்முகில் தம் தோட்டத்தின்மேல் வந்து பெய்யாதா என ஏங்குவார்.

இந்நால்வருள் எவரும் பிழை கூறவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பயிரின் கண்கொண்டே வானத்தைப் பார்க்கின்றனர். எனினும், இக்கருத்து வேறுபாடு வெறும் பேச்சோடு முடிந்துவிடுவதன்று. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும், குளத்திலிருந்து நீர் விடும் முறையும், விதைக்கவேண்டிய நிலத்தின் அளவும் இத்தகைய அபிப்பிராயங்களைக்கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. தவறான அபிப்பிராயத்தை நம்பி விதைத்த வயற்கண்டத்தில் நெல் சப்பியாகிப்போவதும் உண்டு. ஆதலின், எது நல்ல கோடை என்பதைக் கமக்காரர் சற்று ஆராய்ந்து அறிதல் நன்று.

கோடை எங்கே, எப்பொழுது?

எமது நாடு சிறிதாயினும் கோடை எங்கும் ஒரே காலத்தில் வருவதில்லை. மே தொடக்கம் செத்தெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரைக்கும் மத்திய மலைகளின் மேற்குச் சரிவுகளுக்கும் மழையைக் கொடுக்கின்றது. அங்கே ஈரத்தை இழந்த அக்காற்று மலையைக் கடந்து கீழிறங்கும்போது வெப்பமடைந்து உலர்காற்றாக மாறுகின்றது. மட்டக்களப்புப் பகுதியில் கச்சான் எனப்படுவது இவ்வுலர்காற்றேயாம். யாழ்ப்பாணத்தில் சோளகம் என வழங்குவதும் இப்பருவக்காற்றையே.

எனவே, யூன் மாதத்தில் நுவரெலியாவில் உருளைக்கிழங்குப் பாத்திகளை மழையும் மூடுபனியும் சூழ்ந்திருக்க, மலையின் மறுபுறத்திலுள்ள வெலிமடையில் வானம் வெளித்து உலர்காற்று வீசும். நுவரெலியாவில் உள்ளவர் இலைகளைக் கருக்கும் வெளிறல் நோய்க்கு அஞ்சி வெயிலை வேண்டுவார்; வெலிமடையில் உள்ளவர் நீருக்காக மழையை வேண்டுவார். ஒருவருடைய அனுபவத்தை மற்றவர் அப்படியே பின்பற்றுதல் ஆகாது. இவ்விளக்கத்தில் இனிக் கூறப்படுவன பெரும்பாலும் வடக்கு, கிழக்கு, வடமத்திய பகுதிகளின் உலர் வலயக் கோடையைப் பற்றியனவாகும்.

நெற்பயிருக்கு ஏற்ற கோடை

நெல்லுக்கு வெயில் வேண்டும் என்பது உண்மை. மணியின் பெரும்பகுதி மாப்பொருளாகும். அதனை இலைகள் சூரிய ஒளியின் துணைகொண்டே ஆக்குகின்றன. சிறப்பாக, அறுவடைக்கு முந்திய ஏறத்தாழ 45 நாட்களிலும் கிடைக்கும் ஒளியே கதிரின் பருமனையும் மணியின் நிறையையும் பெரிதும் நிர்ணயிக்கின்றது. இக்காலத்தில் வானம் தொடர்ந்து மூடியிருப்பின் விளைச்சல் குறையும். அக்குறையை மேலதிக யூரியாவால் நிரப்ப முயல்வது வீண் செலவாவதோடு, எரிபந்த நோய்க்கும் இடமளிக்கும்.

ஆயினும், ஒளி வேறு, வெப்பம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலேயே பல தவறுகள் பிறக்கின்றன. நெற்பூக்கள் பெரும்பாலும் காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் விரிகின்றன. ஒவ்வொரு பூவும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே விரிந்திருக்கும். அவ்வேளையில் கதிரின் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேற்படுமாயின் மகரந்தம் கெட்டுச் சூல் பிடிக்காது போகும். அம்மணிகள் சப்பியாகும். கதிர் வெளித்தோற்றத்தில் நன்றாக இருப்பினும், சூடடித்துத் தூற்றும்போதே நட்டம் தெரியவரும்.

காற்றைப்பற்றியும் இவ்வாறே ஒரு தவறான எண்ணம் உண்டு. புழுக்கம் நிறைந்து காற்று அசையாத பகலைப் பலர் பயிருக்குக் கேடற்றது என எண்ணுகின்றனர். உண்மையில், வேரில் நீர் இருக்கும் பயிர் இலைவழியாகவும் கதிர்வழியாகவும் நீராவியை வெளியிட்டுத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்து புழுங்கும்போது இக்குளிர்ச்சி குறைகின்றது. இதனால் ஒரே வெப்பநிலையிலும் புழுக்கமான பகல், உலர்ந்த பகலிலும் பார்க்கப் பூவுக்கு அதிக தீங்கு செய்யலாம். ஆனால், வயலில் நீர் வற்றிய நிலையில் கச்சான் வீசுமாயின் கதிர்கள் காய்ந்து வெளுக்கும். காற்றின் நன்மையும் தீமையும் இவ்வாறு வயலிலுள்ள நீரைப் பொறுத்தே அமைகின்றன.

இரவையும் மறத்தலாகாது. பகலில் இலை ஆக்கிய உணவின் ஒரு பகுதியைப் பயிர் இரவில் சுவாசத்தால் செலவிடுகின்றது. இரவு வெப்பமாயிருப்பின் செலவு மிகும். பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1992 தொடக்கம் 2003 வரை பெறப்பட்ட விளைச்சல்களை ஆராய்ந்து, 2004 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உலர்பருவத்தின் இரவு வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயர, நெல் விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது என அது காட்டியது. எனவே, "வெயில் நன்றாகக் காய்கின்றது" என்று கூறுமுன் இரவு குளிர்ந்ததா என்பதையும் கவனித்தல் வேண்டும்.

தோட்டப் பயிர்களுக்கு ஏற்ற கோடை

வெங்காயத்திற்குக் கோடை இரு வேறு முகங்களைக் காட்டுகின்றது. இளம் பயிர் ஒழுங்கான இறைப்பை வேண்டுகின்றது. மிக வரண்ட காற்றில் பனிப்பூச்சி பெருகி இலைகள் வெளுக்கும். இலைகள் சாயத் தொடங்கியபின் அதே வரட்சி நன்மையாகின்றது. அப்பொழுது இறைப்பை நிறுத்தி, பிடுங்கிய வெங்காயத்தை நன்கு உலர்த்தினால் கழுத்துப்பகுதி காய்ந்து நெடுநாள் இருக்கும். அந்நிலையில் பெய்யும் ஒரு மழை, கட்டித் தொங்கவிடவேண்டிய வெங்காயத்தை அழுகச் செய்யும்.

மிளகாய்க்கு மிதமான வெயில் நன்று. கடும் வெப்பமும் வரண்ட காற்றும் நீடித்தால் பூக்கள் உதிரும். பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் பெருகி இலைகள் சுருளும். மழை மிகுந்தாலோ பழங்கள் அழுகும். தக்காளிக்குப் பகல் வெயில் அவ்வளவு தடையன்று. வெப்பமான இரவே காய் பிடிப்பதைக் குறைக்கின்றது. கோடைத் தக்காளியிற் பூ நிறைந்தும் காய் குறைந்து காணப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். வெண்டி இவையெல்லாவற்றிலும் பார்க்க வெப்பத்தை நன்கு தாங்கும். நீர் அளவாகவும் இரவு வெப்பமாகவும் உள்ள இடங்களில் தக்காளியைக் குறைத்து வெண்டியைக் கூட்டுதல் பொருத்தமானதே.

ஒரு மழையின் பெறுமதி

ஓகத்து மாதத்தில் ஒரு மாலையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்ததாகக் கொள்வோம். பிடுங்கிய வெங்காயம் வெளியிற் கிடக்கும் தோட்டத்திற்கு அது நட்டம். வெட்டிய கதிர் வயலிற் கிடப்பவருக்கும் நட்டமே. கத்தரித் தோட்டத்திற்கு ஓர் இறைப்பு மீதமாகும். குடலைப் பருவத்து நெல்லுக்கு அது பேருதவி.

ஆனால், அம்மழையை அளவுக்கு மீறி மதிப்பிடுதலும் தவறு. ஒரு மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 இலீற்றர் நீராகும். 25 மில்லிமீற்றர் எனின் 100,000 இலீற்றர். கடுங்கோடையில் நெல்வயலிலிருந்து வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீரைக் கவர்கின்றன. அஃதாவது, ஏக்கருக்கு 24,000 இலீற்றர். ஆகவே, பெருமழையெனத் தோன்றிய அது நான்கு நாள் வெயிலுக்கே ஈடாகும். நிலத்தினுள் வடியும் நீரையும் சேர்த்தால் நான்கு நாளுக்கும் போதாது. ஒரு மழையை நம்பி மேலதிக நிலத்தில் விதைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இக்கணக்கிலிருந்து அறியலாம்.

கோடையின் முதல் மாரி

சிறுபோகத்தின் பலன் கோடையில் மட்டும் தீர்மானமாவதில்லை. அதற்கு முந்திய மாரியிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றது. 2016 இன் இறுதியில் மழை பொய்த்தமையாற் குளங்கள் நிரம்பவில்லை. 2016 இல் ஏறத்தாழ 44 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல் 2017 இல் ஏறத்தாழ 24 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. அந்நிலையில் கோடை எவ்வளவு இதமாயிருந்தாலும் பயனில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லினுள் இறங்கிச் சேர்ந்த நன்னீரே கிணறுகளில் ஊறுகின்றது. அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நீர்ப்பம்பிகொண்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறும். பின்னர், "கோடை பொல்லாதது, இலைகள் கருகுகின்றன" எனக் குறைகூறுவோம். இலையோரம் கருகுவதற்கு வெயிலன்றி இறைத்த நீரின் உவர்த்தன்மையே காரணமாயிருத்தலும் கூடும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

வானத்தை மாற்றுதல் எமது கையிலில்லை. பயிரின் எப்பருவம் எந்நாளில் வரவேண்டும் என்பதை ஓரளவு நாமே அமைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

1. விதைக்குமுன் பூக்கும் நாளைக் கணக்கிடுங்கள். நெல் அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாட்களுக்கு முன் பூக்கும். 105 நாள் இனத்தை ஏப்பிரல் 20 ஆந் திகதி விதைத்தால் யூலை முதல் வாரத்தில் பூக்கும். ஓகத்துத் தொடக்கத்தில் வெட்டலாம். அதே இனத்தை யூன் நடுப்பகுதியில் விதைத்தால், குளநீர் குறைந்த ஓகத்து இறுதியில் பூத்து, ஒற்றோபர் மழை நெருங்கும் வேளையில் அறுவடைக்கு வரும். விதைப்புப் பிந்தினால் குறுகிய வயதுள்ள இனத்தைத் தெரிவு செய்யுங்கள்.

2. நீர் குறைவாயின், அதைப் பூக்கும் பருவத்திற்கென முதலில் ஒதுக்குங்கள். குடலைப் பருவம் தொடக்கம் மணி பால் பிடிக்கும்வரை வயல் வரண்டுபோக விடலாகாது.

3. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வானத்தைப்பற்றிப் பேசுமுன் குளத்திலுள்ள நீரின் அளவைக் கேளுங்கள். எல்லாக் கண்டத்திற்கும் நீர் போதாதாயின், வாய்க்காலின் தலைப்பகுதி நிலத்தைப் பங்கிட்டு யாவரும் செய்யும் பெத்ம முறை நட்டத்தைக் குறைக்கும். கடைவாய்க்காலில் உள்ளவரின் பயிர் பாதியில் காய்வதிலும் பார்க்க இது நன்று.

4. மிளகாய், தக்காளி, கத்தரிப் பாத்திகளை வைக்கோலால் மூடுங்கள். மண்ணின் சூடு தணிந்து இறைப்பும் குறையும்.

5. வெங்காயம் முழுவதையும் ஒரே நாளில் நடாது, இரண்டு அல்லது மூன்று தவணைகளாக நடுங்கள். அறுவடைவேளை மழை பெய்தாலும் யாவும் அழியாது.

6. கோடையில் தரிசாக விடும் நிலத்தை உழுது வெயிலில் காயவிடுங்கள். கோரைக் கிழங்குகள் வெளிப்பட்டு வாடும். மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்களும் பறவைக்கு இரையாகும். வெயில் முழு நன்மை செய்யும் இடம் இதுவே.

7. நேரான சுவருள்ள ஒரு தகரப்பேணியை வெளியிடத்தில் வைத்து, ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் மழைநீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து, கொப்பியில் எழுதுங்கள். விதைத்த நாள், பூத்த நாள், காற்றுத் தொடங்கிய நாள், விளைச்சல் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள்.

இக்கொப்பியின் பயனைச் சில ஆண்டுகளில் உணர்வீர்கள். நினைவு, மிகக் கடுமையான வெயிலையும் மிகப் பெரிய மழையையுமே பிடித்து வைத்திருக்கும். கொப்பியோ அந்நாளில் உங்கள் பயிர் எந்நிலையில் நின்றது என்பதையும் சொல்லும். "சென்ற ஆண்டு நல்ல கோடை" என்று ஒருவர் கூறுமிடத்து, "எப்பயிருக்கு? எப்பருவத்தில்? குளத்தில் எவ்வளவு நீர் இருந்தது?" என வினவுங்கள். இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின்னரே அவரது அபிப்பிராயத்தை உங்கள் வயலுக்கு ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்கு உங்கள் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். இனங்களின் வயது, உங்கள் பகுதிக்கு ஏற்ற விதைப்புக் காலம் ஆகியவைபற்றி மேலும் அறிய விரும்புவோர், தமது பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம்.