பதினேழு வயதில் கொலை வழக்கு

மகன் கொலை வழக்கில் சிக்கினால் பெற்றோர் முதலில் ஓடுவது வக்கீலிடம். ஓடத்தான் வேண்டும். ஆனால் நன்னடத்தை அலுவலரையும் உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீடு, படிப்பு, சேர்க்கை எல்லாவற்றையும் விசாரித்து, இரண்டு வாரத்துக்குள் அவர் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை தர வேண்டும். மானம் போகுமென்று மகனின் கஞ்சாப் பழக்கத்தை மறைத்தால், அவனுக்குச் சிகிச்சை வேண்டும் என்பதே அந்த அறிக்கையில் வராது.

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டப்படி, குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ளவை கொடுங்குற்றங்கள். அவற்றில் சிக்கியவர் 16 வயது நிரம்பியவர் என்றால், அவருடைய மன, உடல் திறனையும் செயலின் விளைவு புரிந்ததா என்பதையும் குழுமம் மதிப்பிடும். இது விசாரணை அல்ல. மதிப்பீட்டுக்குப் பின் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கேயும் தூக்கு கிடையாது. விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை சிறைக்கு அனுப்பாமல் ‘பாதுகாப்பான இட’த்தில் வைக்க வேண்டும்.

சட்டத்தின் உயிர் இந்த இடைப்பட்ட காலத்தில்தான் இருக்கிறது. படிப்பு, தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவை கிடைக்க வேண்டும். பையன் எப்படி இருக்கிறான், யாராவது துன்புறுத்துகிறார்களா என்று நன்னடத்தை அலுவலரோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ ஆண்டுதோறும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். 21 வயதில் அவன் திருந்தியிருக்கிறானா என்று நீதிமன்றம் பார்க்கும். திருந்தியிருந்தால் கண்காணிப்பின்கீழ் வெளியே வரலாம். இல்லையென்றால் மீதித் தண்டனை சிறையில். ஒரு துறை எழுதுவதை இன்னொரு துறை படிக்காவிட்டால் இத்தனை ஏற்பாடும் வெறும் கோப்புதான்.

துன்புறுத்தப்படும் ஆபத்து கற்பனையல்ல. திருட்டு வழக்கில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் 2022 டிசம்பர் இறுதியில் இறந்தான். அடித்துக் கொன்றதாக அங்கிருந்த பணியாளர்களே கைதானார்கள். அதன் பிறகுதான், 2023இல், இத்தகைய இல்லங்களை ஆராய முன்னாள் நீதிபதி கே. சந்துரு ஆணையம் அமைக்கப்பட்டது.

பிடிபட்ட சிறாரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம். குழுமத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. சிறாரின் பெயரையோ படத்தையோ வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம்.

வயதில் தகராறு வந்தால் முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. குற்றம் நடந்த நாளில் 18 நிரம்பவில்லை என்று, தீர்ப்பு வந்த பிறகும் மனுப் போடலாம்.