சுவரைத் தாண்டாத வைஃபை: ஒரு லோடு சரக்கு கற்றுக்கொடுத்த பாடம்



வரி, எடையளவு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவை பற்றி நமது இதழில் எழுதுவோர் பலர் உண்டு. இம்முறை நாம் எடுத்துக்கொண்டது வீட்டுக்குள் வைஃபை எட்டாத கதை. பள்ளிப் படிப்போடு தராசைப் பிடித்த மொத்த வியாபாரிக்கு இதில் என்ன தெரியும் என்று அன்பர்கள் சிரிக்க வேண்டாம். சரக்கைக் கோட்டை விட்டுக் கற்ற பாடம் என்பதால் துணிந்து எழுதுகிறோம்.

விருதுநகரில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் நமக்கு. தாத்தா கட்டிய வீடு. முன்பகுதியில் கடை, நடுவில் குடும்பம், பின்கட்டில் கணக்கு அறை. பின்வாசலைத் தாண்டினால் சந்து. சந்துக்கு அப்பால் கிட்டங்கி. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். வெயிலுக்கு அதைப்போல் சுகம் கிடையாது. ஆனால் முன்கட்டில் இருக்கும் இண்டர்நெட் பெட்டியின் அலை பின்கட்டுக்கு வந்து சேருவதற்குள் செத்துப்போகிறது என்பதை நாம் அறியாமல் இருந்தோம்.

அன்று நடந்தது

2024-ஆம் ஆண்டு ஓணத்துக்கு முந்தைய வாரம். கொல்லத்துப் பார்ட்டி ஒருவருக்கு வத்தல் லோடு. முப்பது வருடப் பழக்கம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் வரிச் சரக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தால் ஈ-வே பில் வேண்டும். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஈ-இன்வாய்சும் கட்டாயம். நாம் இரண்டையும் எடுப்பது இண்டர்நெட்டில்தான்.

மூட்டை ஏறிவிட்டது. கணக்கு அறையில் கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்போனிலாவது இண்டர்நெட் எடுக்கலாம் என்றால் அந்த அறைக்குள் டவரும் சரியாகக் கிடைக்காது. லாரி செட்காரர் ஒரு மணி நேரம் பொறுத்தார். பிறகு நமது மூட்டைகளை இறக்கிவிட்டு வேறு சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தெருவில் நின்று செல்போன் மூலம் பில் எடுத்தபோது லாரி ஊர் எல்லையைத் தாண்டியிருந்தது. மறுநாள் பார்ட்டி போன் செய்து, "அவசரத்துக்கு வேறிடத்தில் எடுத்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம்" என்றார்.

அந்த ஆத்திரத்தை நாம் காட்டிய இடம் கணக்குப்பிள்ளைத் தம்பி. "பில் போடும் நேரத்தில் நீ செல்லில் படம் பார்த்தால் லைன் எப்படி வரும்?" என்று நாலு பேர் முன்னால் ஏசிவிட்டோம். தம்பி வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை மேஜையில் ஒரு தாள் இருந்தது. பேரேடு போலக் கட்டம் போட்டு, தேதி, நேரம், நின்ற இடம், வைஃபை கோடு எத்தனை, வேகம் எவ்வளவு என்று பத்து நாள் கணக்கு எழுதியிருந்தார். "அண்ணாச்சி, லைனில் குறை இல்லை. பெட்டி பக்கத்தில் வேகம் இருக்கு. இங்கே வந்தா இல்லை" என்றார். லோடு தவறுவதற்கு முன்பே எழுதத் தொடங்கியிருக்கிறார். படித்து முடித்தபோது நமக்கு வெட்கமாகிவிட்டது.

குறை லைனிலா, காற்றிலா?

முதல் பாடம் இதுதான். அதுவரை நாம் இண்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து இருமுறை சண்டை போட்டிருந்தோம். நமது மகனோ மாதம் கூடுதல் பணம் கட்டிப் பெரிய பிளானுக்கு மாறத் தயாராக இருந்தார். தம்பியின் தாளில் பெட்டியருகே வேகம் தொண்ணூறுக்கு மேல். கணக்கு அறையில் மூன்று, நான்கு. நாம் பணம் கட்டுவது நூறுக்கு. ஆக, கம்பெனி சரியாகத்தான் அளந்து கொடுத்திருக்கிறது. வாசலுக்கு வந்த சரக்கை உள்ளே கொண்டுபோக வழியில்லாமல் போனது நமது வீட்டில்தான்.

ஆகவே அன்பர்கள் எதையும் வாங்குமுன் பெட்டியோடு லேன் கேபிளில் ஒரு கம்ப்யூட்டரை இணைத்து வேகம் பாருங்கள். அங்கேயே குறைவு என்றால் கம்பெனியைக் கேளுங்கள். அங்கே சரியாக இருந்து அறையில் குறைந்தால் குறை வீட்டுக்குள்.

வைஃபை ரேடியோ அலைதான். பெரும்பாலான பெட்டிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. முதலாவது தூரம் போகும், சுவரை ஓரளவு துளைக்கும். ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். அடுப்படி மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசைதான். இரண்டாவது வேகமானது, ஆனால் கனத்த சுவரைக் கண்டால் படுத்துவிடும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி மூன்றும் அலைக்கு எதிரிகள். நம் வீட்டில் பெட்டி இருந்ததோ டி.வி. அலமாரிக்குள், இரும்பு பீரோவுக்குப் பின்னால்!

பெட்டியை வெளியே எடுத்து நடைவாசல் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினோம். காசு செலவில்லாமல் ஒரு கோடு கூடியது. 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்று மட்டுமே ஒன்றோடொன்று மோதாதவை. அண்டை வீட்டார் எல்லாரும் 6-இல் இருந்ததால் நாம் 11-க்கு மாறினோம். இன்னும் கொஞ்சம் தேறியது. ஆனால் பில் போட அதுவும் போதவில்லை.

எக்ஸ்டெண்டர் வாங்கிய கதை

இரண்டாயிரத்துக்குள் ஓர் எக்ஸ்டெண்டர் வாங்கினோம். சிக்னல் எங்கே இல்லையோ அங்கே மாட்டுவதுதானே நியாயம் என்று கணக்கு அறை பிளக்கிலேயே சொருகினோம். செல்போனில் கோடு முழுதாகக் காட்டியது. எல்லாரும் கைதட்டினோம். பில் மட்டும் போகவில்லை!

காரணம் எளிது. எக்ஸ்டெண்டர் இண்டர்நெட்டை உற்பத்தி செய்வதில்லை. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறது. அதற்கே சரியாகக் கேட்காத இடத்தில் வைத்தால் அரைகுறையாகக் கேட்டதைத்தான் உரக்கச் சொல்லும். மண்டிக்கு வராத சரக்கைக் கமிஷன் ஏஜெண்ட் விற்க முடியுமா? போனில் தெரியும் கோடு, போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் உள்ள உறவை மட்டுமே காட்டும். எக்ஸ்டெண்டருக்கும் பெரிய பெட்டிக்கும் உள்ள உறவு அதில் தெரியாது.

பெட்டிக்கும் அறைக்கும் நடுவழியில், நல்ல சிக்னல் இன்னும் மிச்சமிருக்கும் இடத்தில்தான் எக்ஸ்டெண்டரை மாட்ட வேண்டும். நாம் இரண்டாம் கட்டின் வாசற்படிக்கு மாற்றினோம். வேகம் மூன்றிலிருந்து இருபதுக்கு வந்தது.

இன்னும் இரண்டு செய்திகள். விலை குறைந்த எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதே அலைவரிசையில் அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ஒரே வாசல் உள்ள கிட்டங்கியில் ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே நேரத்தில் நடக்காதல்லவா, அதுபோல. இரண்டு அலைவரிசை உள்ளதை வாங்கினால் இக்குறை குறையும். அடுத்தது, பெரிய பெட்டியின் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் எக்ஸ்டெண்டரிலும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அது விளக்கெரிந்தபடி சும்மா நிற்கும். மகன் ஒருநாள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மறந்ததில் அரைநாள் போயிற்று.

கேபிள் இழுத்தோம், வீடே நின்றது

இருபது வேகம் போதும் என்று இருந்திருக்கலாம். சாயங்காலம் பிள்ளைகள் படம் பார்க்கத் தொடங்கினால் அது ஐந்தாகிவிடும். "கேபிளுக்கு நிகர் கேபிள்தான் அண்ணாச்சி" என்று தம்பி சொன்னதை இம்முறை கேட்டோம். லேன் கேபிள் நூறு மீட்டர் வரை தாராளமாக ஓடும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முழுச் செம்பு கேபிளும் உண்டு, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளும் உண்டு. கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். கலப்படம் எந்தச் சரக்கிலும் கலப்படம்தான்.

பின்கட்டு வரை கேபிள் இழுத்து, பரணில் கிடந்த பழைய ரூட்டரை அதன் முனையில் மாட்டினோம். மாட்டிய ஐந்தாவது நிமிடம் வீடு முழுக்க இண்டர்நெட் நின்றது. கல்லாவில் பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் ஊமையானது. காலை வியாபாரம் முழுக்கக் கையில் காசு வாங்கித் தள்ளினோம்.

நடந்தது இதுதான். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது பெரிய பெட்டியின் வேலை. பழைய ரூட்டரும் தன் பங்குக்கு முகவரி கொடுக்க ஆரம்பித்தது. போதாததற்கு இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. ஒரு கடைக்கு இரண்டு முதலாளி உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று.

தம்பி சரிசெய்த விதம்: பழைய ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினார். முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. வசதியை அதில் மட்டும் அணைத்தார். கேபிளை வேன் என்று எழுதிய துளைக்கு மாற்றாமல் லேன் என்ற துளையிலேயே இருக்கவிட்டார். புதிய ரூட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தாலே இவை தானாக நடந்துவிடும். அன்றிலிருந்து கணக்கு அறையில் வேகம் தொண்ணூறு.

சந்தைத் தாண்டிய பாலம்

மீதி இருந்தது கிட்டங்கி. வீட்டு மாடியிலிருந்து அறுபது மீட்டர். நடுவில் பொதுச் சந்து. தலைக்கு மேல் கேபிள் இழுத்தால் உயர லோடு வண்டி அறுத்துக்கொண்டு போகும். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் வயர்லெஸ் பிரிட்ஜ். இரண்டு சிறு பெட்டிகள். ஒன்று நமது மாடியில், மற்றொன்று கிட்டங்கிக் கூரையில், ஒன்றையொன்று பார்த்தபடி. ஒன்றை ஆக்சஸ் பாயின்ட் என்றும் மற்றதைக் கிளையன்ட் என்றும் அமைத்து, இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஆனால் வெவ்வேறு முகவரி கொடுக்க வேண்டும். மேலே மாட்டுமுன் இரண்டையும் மேஜை மேல் வைத்தே பேசவைத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். கூரையில் நின்று திருத்துவது கஷ்டம். அனுமதிக்கப்பட்ட திறனுக்குள் இந்த அலைவரிசைகளுக்கு உரிமம் தேவையில்லை. 2.4-க்கு 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதிக்கு 2018-லும் அரசு விலக்கு அளித்துள்ளது.

மாசி மாதம் மாட்டினோம். அருமையாக ஓடியது. சித்திரையில் வேகம் பாதியானது. கம்பெனி, கேபிள், பெட்டி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டுக் கடைசியில் அண்ணாந்து பார்த்தால், நடுவில் நின்ற வேம்பு தழைத்திருந்தது! மாசியில் அது இலையுதிர்ந்து நின்றது. ஈரமுள்ள இலை அலையைக் குடித்துவிடும். மரத்தை வெட்ட மனம் வரவில்லை. பைப் வைத்து இரு பெட்டிகளையும் நாலடி உயர்த்தினோம்; சரியாயிற்று. மாடியில் மாட்டும் பெட்டிக்கு இடி மின்னலை முன்னிட்டு எர்த் கொடுக்கவும் மறக்க வேண்டாம்.

கைக்கொள்ள வேண்டியவை

பெட்டிகளுக்கும் கணக்குக் கம்ப்யூட்டருக்கும் யு.பி.எஸ். இணைப்பு கொடுங்கள். கரண்ட் போன நேரத்தில்தான் லாரி வந்து நிற்கும். ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டைக் கம்பெனி கொடுத்தபடியே விடாமல் மாற்றுங்கள். வாடிக்கையாளரும் சுமை ஏற்றுவோரும் வைஃபை கேட்டால் கெஸ்ட் என்ற தனி இணைப்பைக் கொடுங்கள். கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கும் இணைப்பு வேண்டாம். எந்தப் பெட்டிக்கு எந்த முகவரி என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம் வீட்டில் அது தம்பியின் கையெழுத்தில் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

2025 ஓணத்துக்குக் கிட்டங்கியிலேயே உட்கார்ந்து பில் எடுத்தோம். லாரி நேரத்துக்குப் புறப்பட்டது. கொல்லத்துப் பார்ட்டி பழைய ஆர்டரில் பாதியைத் தந்திருந்தார். மீதிப் பாதி வேறொருவரிடம் போனது போனதுதான். ஒருமுறை கைமாறிய வியாபாரம் முழுதாகத் திரும்புவது எளிதல்ல என்பதை அன்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. நாலு பேர் முன்னால் ஏசியதை நாலு பேர் முன்னால்தான் திருப்ப வேண்டும். ஆயுத பூஜை அன்று எல்லாரும் கூடியிருக்கையில், "தம்பி, அன்று நாம் பேசியது தவறு" என்று சொன்னோம். "விடுங்க அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டுச் சுண்டல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஆகவே வணிகப் பெருமக்களே, வைஃபை வரவில்லை என்றால் கம்பெனியையும் கணக்குப்பிள்ளையையும் ஏசுவதற்கு முன், ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். எங்கே எவ்வளவு வருகிறது என்று பத்து நாள் எழுதுங்கள். சரக்கு எங்கே சிந்துகிறது என்று பார்க்கத் தெரிந்த நமக்கு இதுவும் தெரியாமல் போகாது.