எல்லைக்கோடும் கால்வாயும்

ரேணிகுண்டாவிலிருந்து காளத்திக்கு இருப்புப்பாதையில் செல்லும் அன்பர்கள் ஏர்பேடு நிலையத்தை அறிவர். திருப்பதி ஐ.ஐ.டி.யின் வளாகம் இன்று அவ்வூரில்தான் எழுந்துள்ளது. அவ்வட்டாரம் எந்த ராஜ்யத்தைச் சேர வேண்டும் என்பது ஒரு காலத்தில் நெஞ்சு கொதிக்கும் கேள்வியாக இருந்தது என்றால் நம் இளைஞர்கள் வியப்படைவார்கள்.

1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமானபோது சித்தூர் ஜில்லா முழுவதும் அதனுடன் சென்றது. சென்னை நகரமே தமதென்று தெலுங்குத் தலைவர்கள் பலர் முன்னரே வாதாடியிருந்தனர். வேங்கடமும் திருத்தணியும் நமக்கே உரியன என்று ம.பொ.சி. கிளர்ச்சி நடத்தினார். முடிவில் எச். வி. படாஸ்கர் மத்தியஸ்தரானார். கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பாலோர் பேசும் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் அவர் நோக்கினார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. திருப்பதியும் காளத்தியும் ஏர்பேடும் அங்கேயே நின்றன. மனக்குறை இரு சாராருக்கும் இருந்தது; அதனை எடுத்துரைக்க இரு சாராருக்கும் ஒரே பாராளுமன்றமும் இருந்தது.

அதே காலத்தில்தான் திராவிட நாடு என்னும் பிரிவினைக் குரலும் ஓங்கியது. 1962-இல் ராஜ்ய சபையில் அதற்காக வாதாடிய அண்ணா, 1963-இல் அக்கோரிக்கையைக் கைவிட்டார். சீனப் படையெடுப்பும் 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தமுமே காரணம் என்பர். அது மெய்யே. ஆனால் சட்டத்தின் அச்சம் வாயை அடைக்குமேயன்றி மனத்தை மாற்றாது. 1967-இல் அவரது கட்சியே ஆட்சிபீடம் ஏறியது. 1969-இல் ராஜ்யத்தின் பெயரும் தமிழ்நாடு ஆயிற்று. கேட்டதில் பெரும்பங்கு கூட்டாட்சிக்குள்ளேயே கிட்டியதெனின், பிரிந்து செல்வதற்கு அவசியம் யாது?

1956-இல் அமைந்த தென் மண்டலக் கவுன்சில் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. உருப்படியான காரியம் கிருஷ்ணா நீர் ஒப்பந்தமே. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் அதில் கையெழுத்திட்டனர். ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே பூண்டி ஏரிக்கு 1996-இல் நீர் வந்தது. ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்பது பேச்சு; பல ஆண்டுகளில் அவ்வளவு வரவில்லை என்பதும் உண்மை.

ஐரோப்பாவிலும் இதற்கு உவமை உண்டு. இத்தாலியிலுள்ள தென் டிரோலில் ஜெர்மன் மொழி பேசுவோர் 1961-இல் ஒரே இரவில் மின்கம்பங்கள் பலவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். 1972-இல் விரிவான சுயாட்சி கிடைத்தது. 1995-இல் ஆஸ்திரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர, எல்லைச் சோதனையும் பின்னர் மறைந்தது.

நம் இலங்கைச் சகோதரர்களுக்கு அப்படியொரு பொதுக் கூரை வாய்க்கவில்லை. 1985-இல் தோன்றிய சார்க் அமைப்பு, இரு நாடுகளுக்கிடையேயான சச்சரவுகளைப் பேசலாகாது என்று தன் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. 1987 ஒப்பந்தத்தின் பயனாய் மாகாண சபைகள் சட்டத்தில் இடம்பெற்றும், வட மாகாணம் தனக்கெனச் சபை தேர்ந்தெடுத்தது 2013-இல்தான்.