காப்பி செய்தால் தமிழ் ஏன் காணாமல் போகிறது?

ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஷிஃப்ட் மாற்ற அறிவிப்பு வருகிறது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான்! அனுப்பியவர் கம்ப்யூட்டரிலோ அது நல்ல தமிழ். போனில் கோளாறு இல்லை, சிக்கல் ஃபான்ட்டில்.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகளில் 'அ' என்பது உண்மையில் ஆங்கிலச் சின்ன 'எம்'. அதற்குத் தமிழ் வேஷம் கட்டுவது ஃபான்ட். காப்பி செய்தால் எழுத்து வரும்; வேஷம் வராது. யூனிகோடில் 'அ'வுக்கென்றே தனி எண் உண்டு. எந்தக் கருவியிலும் 'அ', 'அ'தான். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. பழைய ஃபைல்கள்தான் இன்னும் சுற்றுகின்றன.

என்ன செய்யலாம்?

* அனுப்பியவரிடம் ஃபான்ட் பெயர் கேளுங்கள். எழுத்துரு மாற்றியில் அதைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக மாற்றுங்கள்.

* பெயர் தெரியவில்லையா? நோட்டீஸ் போர்டில் உள்ள அச்சுப்பிரதியை கூகுள் லென்ஸில் படம்பிடித்து எழுத்தை எடுக்கலாம்.

* தேதி, நேரம், தொகை மூன்றையும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

* ஆதார், வங்கிக் கணக்கு எண் உள்ள கடிதங்களை ஆன்லைன் மாற்றியில் ஒட்டவே வேண்டாம்.

அறிவிப்பை அனுப்புகிறவர் முதலிலேயே யூனிகோடில் டைப் செய்தால் இத்தனை பாடும் இல்லை. ஷிஃப்ட் பஸ்ஸைத் தவறவிட்டால் போவது ஒருநாள் சம்பளமாச்சே!