கண்மையும் கலைப்பொருளும்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியானாலும் சரி, உறையூரானாலும் சரி, குழந்தைக்கு வீட்டிலேயே கண்மை கூட்டிப் பழகிய கைக்குச் சீன தேசத்துத் தொழில் ரகசியம் ஒன்றில் பாதி தெரியும்! விளக்கை ஏற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து எடுக்கிறோம் அல்லவா? சீனர்கள் மை செய்ததும் அப்படித்தான். அவர்களுக்கு எண்ணெய் துங் மரத்து வித்திலிருந்து. சில வகைகளுக்குப் பைன் மரப் புகை.

நாம் விளக்கெண்ணெயில் குழைத்ததோடு நின்றோம். அவர்களோ விலங்குத் தோலைக் காய்ச்சிய பசையும் கற்பூரமும் கஸ்தூரியும் சேர்த்துப் பிசைந்து, இடித்து, சித்திரம் செதுக்கிய மர அச்சில் அமுக்கி, நிழலிலே மெல்ல உலர்த்திக் கட்டியாக்கினார்கள். மலையும் மலரும் டிராகனும் அதில் புடைத்து நிற்கும். மேலே பொன் வண்ணம். சந்தனம் இழைப்பதுபோல் கல்லில் நீர்விட்டு இழைத்தால் எழுத மை. ஆனால் சேகரிப்பவர்கள் எங்கே இழைக்கிறார்கள்? பட்டுப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பதோடு சரி!

ஹூய்ஜோ பிரதேசம் இதற்குப் பிரசித்தி. அங்கே செங் ஜுன்ஃபாங்கிடம் தொழில் கற்ற ஃபாங் யூலு, தனிக்கடை வைத்துப் போட்டிக்கு வந்துவிட்டார். 1588-ல் தம் மைக்கட்டிச் சித்திரங்களைப் புத்தகமாகவே போட்டார். குருநாதர் சும்மா இருப்பாரா? 1606 வாக்கில் அதையும் மிஞ்சி ஒன்று வெளியிட்டார். பாதிரியார் மாட்டியோ ரிச்சி தந்த கிறிஸ்தவப் படங்கள்கூட அதில் உண்டு.

நம் ஊர் விளக்குக் கரிக்கு இப்படிப் பெட்டியும் பெயரும் வாய்க்கவில்லை. அது ஓலைச் சுவடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. திரிசிரபுரம் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் எழுத்தாணியால் ஓலையில் எழுதுவார்கள். எழுத்தாணி கீறத்தான் செய்யும். கரியோடு கோவையிலைச் சாறோ எண்ணெயோ சேர்த்துத் தடவித் துடைத்தால்தான் எழுத்துக் கண்ணுக்குப் புலப்படும்.

கரி வெளுப்பதில்லை. ஆனால் துடைபட்டுப் போகும். அப்போது சுவடி வெற்றோலை மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவற்றை நம்மவர்கள் ஆடிப் பதினெட்டன்று ஆற்றோடு விட்டதும் உண்டு. எத்தனை நூல்கள் போயினவோ!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு கிடக்கலாம். தண்ணீர் பட விடாதீர்கள். வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். கீறல் தெரிந்தால் அது எழுத்துத்தான். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் காட்டலாம். மறுபடி மை தடவும் வேலை தேர்ந்தவர்களுடையது. எலுமிச்சைப்புல் தைலத்தில் அவர்கள் குழைப்பதும் அதே விளக்குக் கரியைத்தான்.