நூறு கஜத்துக்குள் ஒரு குரு

கோல்ஃபில் பார் 72 என்ற கணக்கில் சரிபாதி பட்டருக்குப் போய்விடுகிறது. குழிக்கு இரண்டு பட், 18 குழிக்கு 36. இது தெரிந்தும் வார இறுதியில் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு வாளிப் பந்தையும் டிரைவராலேயே அடித்துத் தீர்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். பக்கத்திலேயே பயிற்சி கிரீன் காலியாகக் கிடக்கும்.

கோவையில் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரும் அப்படித்தான் இருந்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு மட்டை பிடித்தவர். உடம்பில் வலு உண்டு. டீயிலிருந்து 230 கஜம் தாராளமாகப் போகும். கிரீனுக்கு முப்பது கஜம் இருக்கும்போதுதான் கை நடுங்கும். ஒன்று, பந்துக்கு முன்னாலேயே மண்ணைக் கொத்துவார். பந்து இரண்டடி நகரும். இல்லையென்றால் மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, அது கிரீனைத் தாண்டி மறுபக்கப் புதருக்குள் பாயும். ஒரே வீச்சில் பந்தை இரண்டு முறை தொட்ட நாளும் உண்டு. 2019ல் வந்த விதிகள் அதற்கான அபராத அடியை எடுத்துவிட்டன என்பது ஒன்றுதான் ஆறுதல். ஹேண்டிகேப் 24ல் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

இன்று அது 16. இடையில் என்ன நடந்தது என்று பார்ப்பதற்காக அவரோடும் அவருடைய கேடியோடும் ஊட்டி மைதானத்தில் நடந்தேன். யாரிடம் கற்றீர்கள் என்ற கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தவரைக் கை காட்டினார்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று மெல்லியது என்பதால் கீழ்நாட்டைவிட இங்கே பந்து கூடுதலாகப் பறக்கும். தூரம் சலுகையாகக் கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது சமதரை. ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். பந்து முழங்கால் உயரத்தில் இருக்கும், அடுத்த குழியில் பாதத்துக்கும் கீழே கிடக்கும். பயிற்சித் திடலில் பாய் விரித்து அடித்துப் பழகியவர்களுக்கு இங்கே கால் ஊன்றவே வராது. அந்தக் கேடிக்கு அறுபதுக்கு மேல் வயது. சிறுவனாகப் பந்து பொறுக்க வந்தவர், இதே சரிவுகளில் வளர்ந்தவர். பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் கிடையாது.

முதலில் அவர் செய்தது, பையிலிருந்த 60 டிகிரி வெட்ஜைத் தலைகீழாகத் திருப்பி அடியில் செருகியது. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஆசையாக வாங்கிய மட்டை அது.

"இது இப்போதைக்கு வேண்டாம் சார். எட்டாம் நம்பர் எடுங்க."

"கிரீன் பக்கத்துல எட்டாம் நம்பராண்ணா?"

"பறக்கிற பந்து நம்ம பேச்சைக் கேக்காது சார். உருளுற பந்து கொஞ்சம் கேக்கும்."

பந்தை வலது கால் பக்கம் தள்ளி வைத்து, எடையை இடது காலில் ஏற்றி, மணிக்கட்டை மடக்காமல் பட் அடிப்பதுபோலத் தோளால் ஆடச் சொன்னார். பந்து கிரீன் விளிம்பைத் தாண்டி விழுந்தால் போதும்; மிச்சத் தூரத்தை அது ஓடிக் கடக்கட்டும். பல வாரம் இந்தச் சிப் ஒன்றுதான் பாடம். அதற்கும் முன்பு, மட்டையே இல்லாமல் பந்தைக் கையால் குழிப் பக்கம் உருட்டிவிடச் சொன்னாராம். ஒவ்வொரு முறையும் பந்து குழிக்கு அருகிலேயே போய் நின்றது. "பாத்தீங்களா சார், தூரம் உங்க கைக்குத் தெரியுது. ஸ்டிக்கைப் பிடிச்சதும்தான் தலை குறுக்க வருது."

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பந்து கிரீனுக்கு இடப்புற மேட்டில், அடர்ந்த புல்லில் பாதி புதைந்து கிடந்தது. கொடிக்கம்பம் பதினைந்து கஜத்தில், நடுவில் இறக்கம். பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், எதுவும் கேட்கவில்லை. கேடி கிரீனுக்குள் போய்க் குழிக்கு இரண்டு கஜம் முன்னால், சற்று வலப்பக்கமாக நின்று, கீழே தரையைப் பார்த்தார். அவ்வளவுதான். விரலைக்கூட நீட்டவில்லை. பிறகு பையோடு தள்ளிப் போய்விட்டார். ஒத்திகையாக இரண்டு வீச்சு, மூன்றாவது நிஜம். பந்து தாழ்வாகக் கிளம்பி, முன்பே விழுந்து, இறக்கத்தில் மெல்ல இடது பக்கம் வளைந்து, குழியைத் தாண்டி மூன்றடியில் நின்றது. அந்த மூன்றடியைப் பட்டர் முடித்துவைத்தது. பழைய ஆளாக இருந்தால் அங்கே நான்கு முறை அடித்திருப்பேன் என்று அவரே சொன்னார்.

கிரீனைப் படிப்பது தனி வித்தை. மலைப்பிரதேசத்தில் கண் ஏமாற்றும். சுற்றிலும் நிலம் சாய்ந்திருப்பதால், உண்மையில் இறங்கும் கிரீன் ஏறுவதுபோலத் தெரியும். கேடி அதனால் கண்ணை மட்டும் நம்புவதில்லை. குழிக்கும் பந்துக்கும் நடுவழியில், பாதைக்கு ஓரமாக நின்று, எந்தப் பாதத்தில் எடை இறங்குகிறது என்று பார்க்கிறார். காலைப் பனியில், முன்னால் போனவர்களின் பந்து உருண்ட தடத்தை ஈரத்தில் வாசிக்கிறார். புல் பளபளவென்று தெரிந்தால் நமக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, ஓட்டம் குறையும். குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம், எந்த நாட்டு மைதானமானாலும் அதேதான். அந்தக் குழிக்குப் போகும் வழி மட்டும் வேளைக்கு வேளை மாறுகிறது.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சுற்று ஆட நான்கு மணி நேரம் ஆகும். அதில் மட்டை பந்தைத் தொடும் நேரம், நிற்பது, வீசுவது எல்லாம் சேர்த்தாலும் சிறு பங்குதான். மீதி நேரம் முழுக்க மனசு பேசிக்கொண்டே வரும். "போன குழியில் ஏன் அப்படி அடித்தேன், இந்தக் குழியில் பார் எடுத்தால் ஈடுகட்டிவிடலாமா" என்று. பட்டறைக்காரர் மோசமாக ஒரு அடி அடித்தால் கேடி உடனே அடுத்த மட்டையைக் கொடுப்பதில்லை. "புது லேத் வந்துடுச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே நடக்கிறார். பேச்சு லேத்துக்குப் போய், கரண்ட் பில்லுக்குப் போய், பந்து கிடக்கும் இடம் வரும்போது கோபம் தணிந்திருக்கிறது. ஸ்கோர் அட்டையும் சாதாரண நாட்களில் கேடியின் சட்டைப்பையில்தான். 18ஆவது குழி முடியும்வரை கூட்டிப் பார்க்க விடமாட்டார்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் மனப்பயிற்சிதான். உலகின் தலைசிறந்த தொழில்முறை வீரர்களே எட்டடி பட்டில் ஏறக்குறையப் பாதியைத் தவறவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர் ஒருவர் அதைத் தவறவிட்டுவிட்டுப் பட்டரைத் தரையில் அறைகிறாரே, அந்தக் கோபத்துக்கு என்ன நியாயம்? நம்மவர் இப்போது அறைவதில்லை. முப்பதடியிலிருந்து அடிக்கும்போது குழியில் விழ வேண்டும் என்று நினைப்பதையும் விட்டுவிட்டார். மூன்றடி வட்டத்துக்குள் நிறுத்துவது ஒன்றே குறி. மூன்று பட் போடுவது அருகிவிட்டது. ஹேண்டிகேப்பில் எட்டு குறைந்ததில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது.

கிரீனைச் சுற்றி ஆடும் இந்தக் குறுகிய ஆட்டத்தின் பலம் புரிய வேண்டுமென்றால் 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். களத்தில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவரான நம் பெங்களூரு வீராங்கனை, பட்டரின் தயவில் கடைசிக் குழிவரை பதக்கப் போட்டியில் இருந்து, ஒரே ஒரு அடியில் அதைத் தவறவிட்டு நான்காமிடம் வந்தார். அவருக்குப் பை தூக்கியது அவருடைய அம்மா. 2009ல் இந்தியன் ஓப்பனை வென்ற இன்னொரு பெங்களூருக்காரர் கேடியாகத் தொடங்கியவர். கொல்கத்தாவில், 1829ல் தொடங்கிய பழம்பெரும் மைதானத்தின் புல் பராமரிப்பாளருக்கு மகனாகப் பிறந்து, பார்த்துப் பார்த்தே ஆடக் கற்று, 2016லும் 2017லும் இந்தியன் ஓப்பனை வென்ற வீரரின் பெயரில் சக ஆட்டக்காரர்கள் சிப்பையும் பட்டையும் சேர்த்துச் செல்லப்பெயரே வைத்தார்கள். கடைசி இருவரைப் போலப் பயிற்சித் திடலும் பந்து வாளியும் வாய்க்காத பிள்ளைகளுக்குக் கையில் கிடைத்தது ஒரு பழைய இரும்பு மட்டையும் கிரீன் ஓரத்துப் புல்லும். அதிலிருந்து விளைந்த திறமை இது.

காணொளி, வேகம் அளக்கும் கருவி, முறையாகப் படித்த பயிற்சியாளர் ஆகியவற்றால் முன்னேறியவர்களும் உண்டு; அதை மறுக்கவில்லை. என் கவலை வேறு. அந்தக் கருவிகளுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூடக் கேடிக்குக் கிடைப்பதில்லை என்பதே அது.

கோல்ஃப் விதியே அவருக்கு எவ்வளவு பெரிய இடம் கொடுத்திருக்கிறது பாருங்கள். தனிநபர் போட்டியில் ஆடிக்கொண்டிருப்பவர் ஆலோசனை கேட்க அனுமதி உள்ள ஒரே ஆள் கேடிதான். பக்கத்தில் ஆடுகிற நண்பரிடம் எந்த மட்டை எடுக்கலாம் என்று கேட்டால் அபராதம். கேடியிடம் கேட்டால் இல்லை. 2019 முதல், ஆட்டக்காரர் நிலை எடுக்கத் தொடங்கிய பிறகு பந்துக்குப் பின்னால் நேர்கோட்டில் கேடி நிற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதாவது சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். நல்ல கேடி விதி வருவதற்கு முன்பும் அப்படித்தான் செய்தார்.

அதே 2019ல்தான் தூரம் காட்டும் கருவிகளும் பொதுவான அனுமதி பெற்றன. சரிவைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியை மட்டும் போட்டியில் அணைத்து வைக்க வேண்டும். கருவி கைக்கு வந்ததும் "கேடி எதற்கு?" என்ற கேள்வி எழுந்துவிட்டது. மின்சாரத் தள்ளுவண்டி வந்தது, பேட்டரி கார் வந்தது. கொடிக்கம்பம் 137 கஜம் என்று கருவி சொல்லும். நேற்றுப் பெய்த மழையில் கிரீனின் முன்பகுதி இளகியிருக்கிறது, பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று எந்தக் கருவி சொல்லும்? நீங்கள் இன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், ரிஸ்க் எடுக்க வேண்டாம் என்று எது சொல்லும்?

கேடிகளில் பெரும்பாலோர் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். சுற்றுக்கு இவ்வளவு என்று கூலி. ஆட்டம் இல்லாத நாளில் வருமானம் இல்லை. அடைமழைக் காலத்தில் அடுப்பெரிவது சிரமம். வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் என்றால் சிரிக்கிறார்கள். ஏறத்தாழ 46 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து குறிதவறி வந்து நெற்றியில் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பது அன்றைய ஆட்டக்காரரின் மனசைப் பொறுத்தது. 2020 ஊரடங்கில் மைதானங்கள் பூட்டியபோது முதலில் பட்டினியைச் சந்தித்தவர்கள் இவர்கள்தான். ஊட்டிக் கேடியின் மகன் இப்போது கோவையில் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறார். "வரச் சொல்ல மனசு வரல சார்" என்றார் அப்பா. அந்தச் சரிவுகளைப் பற்றி அவர் தலைக்குள் இருக்கும் எதுவும் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

செய்ய முடியாதது எதுவும் இல்லை. ஆட்டக் கட்டணத்தோடு சிறு தொகை சேர்த்து வாங்கினாலே எல்லாக் கேடிகளுக்கும் விபத்துக் காப்பீடு போட்டுவிடலாம். பராமரிப்புக்காக உறுப்பினர்கள் ஆடாத நாளில் பயிற்சி கிரீனைக் கேடிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம். சில மைதானங்களில் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் சில மாதம் மூத்த கேடி ஒருவரோடு குறுகிய ஆட்டம் மட்டும் என்று வைத்து, அதற்குத் தனிக் கட்டணமும் தரலாம். ஹேண்டிகேப்பும் குறையும், அவர் வீட்டுக்கும் ஒரு நிரந்தர வருமானம் போகும். இதற்கெல்லாம் தேவை ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம். பட்டறைக்காரர் தன் மன்றத்தில் அதைக் கொண்டுவரப் போவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற மைதானங்களில் யார் எழுந்து கேட்கப் போகிறீர்கள்?